மலிவு சைலன்சர்

"காருக்கு நான் போட்ட மலிவு சைலன்சர்தான் தம்பிய உள்ள தள்ளிருச்சு."

கண்டியிலிருந்து அக்குறணை போகும் பஸ் சோதனைச் சாவடி வரிசையில் நின்றபோது, எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் இப்படிச் சொன்னார். யுத்த காலம். நான் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த தொப்பிக்காரர், "அது எப்படி மச்சான்?" என்றார்.

"ரேஸ் கார் மாதிரி உறுமணும்னு மாத்தினேன். மூட்டு சரியாப் பொருந்தல. வேகத்தக் குறைச்சாப் படார்னு வெடிக்கும். நல்லதாப் போடுன்னு கராஜ் பாஸ் சொன்னாரு, நான் கேக்கல."

"பொறகு?"

"இதே எடத்துல ஆமிக்காரன் கை காட்டினான். வேகத்தக் குறைச்சேன், வெடிச்சிருச்சு. எல்லாரும் சுடுறதுக்குத் துவக்கத் தூக்கிட்டாங்க. நான் அசையல. தம்பி பயந்து கதவத் தொறந்து ஓடிட்டான்."

"அல்லாஹ்வே! சைலன்சரக் காட்டலயா?"

"வெடிக்க வச்சே காட்டினேன். என்னய விட்டுட்டாங்க. குத்தம் இல்லாதவன் ஏன் ஓடுனான்னு அவன வச்சிக்கிட்டாங்க."

பஸ் கொஞ்சம் நகர்ந்து நின்றது. கார்க்காரர் பாதி எழுந்து வெளியே பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அவனப் பாத்தியா?"

"பாத்தேன். கம்பிக்கு அங்கிட்டு நின்னு, 'அண்ணே, உனக்குக் காயம் இல்லயே? அன்னைக்கு நம்மளச் சுட்டது யாரு?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

ஆமிக்காரர் பஸ்ஸில் ஏறி, எல்லாரையும் அடையாள அட்டையோடு இறங்கச் சொன்னார். கார்க்காரர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."