பல்கனிக் கதவு

"பிள்ளை, மல்லிகைத் தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியில எறி!"

காலை 10.17க்கு சுவிஸ்ஸின் வில் நகரில் இருந்து புறப்பட்ட ரயிலில், எனக்கு எதிரே இருந்த ஒரு அம்மா கைபேசியில் இப்படிச் சொன்னார். பக்கத்தில் அவருடைய கணவர். ஒலிபெருக்கியில் மகளின் குரல் துபாயில் இருந்து வந்தது. பன்னிரண்டாம் மாடிப் பல்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள், ஏசிக் குளிர் வெளியே போகாதிருக்கக் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறாள். அது உட்பக்கமாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. அங்கே நடுப்பகல் வெயில்.

"போலீசுக்கு அடிச்சனியோ?"

"ஓம். வருகினமாம். இன்னும் காணேல்லை."

"அப்ப உடை."

"ஏலாது அம்மா. ஒண்டும் உடைக்கக்கூடாதெண்டு வீட்டு ஒப்பந்தத்தில கிடக்கு."

கணவர் சொன்னார்: "சுவிஸ்ஸில பிறந்ததெல்லே. வீடு எரிஞ்சாலும் கடிதம் எழுதி அனுமதி கேட்டுட்டுத்தான் வெளியில வரும்."

"நீங்கள்தானே அப்பிடி வளர்த்தனீங்கள். சும்மா இருங்கோ."

"அம்மா, கால் சுடுது. செருப்பு உள்ளுக்க."

"மிச்சத் தண்ணியைக் காலில ஊத்து."

"இல்லை. எல்லாத்தையும் செடிகளுக்கு ஊத்திப்போட்டன்."

"வேற ஒண்டும் யோசியாத. எறி, ராசாத்தி."

"தலை சுத்துது அம்மா."

"கீழ இருக்காத! இருக்காத! எறி!"

மகள் மூச்சுவாங்குவது கேட்டது. பிறகு ஏதோ உடைந்து சிதறும் சத்தம். அதோடு இணைப்பு அறுந்தது.

அம்மா திரும்ப அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கணவர் மெதுவாகக் கேட்டார்: "உடைஞ்சது கண்ணாடியோ, தொட்டியோ?"