கனடாவில் எழுதிய கிணறு

"எங்கட கிணத்தை ஒரு நாளும் காணாத மச்சாள், கனடாவில இருந்து அதைப் பற்றி எழுதியிருக்கிறா, அம்மா."

காலையில் வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் தாயுடன் இருந்த மாணவி சொன்னாள். ஒன்பதாம் வகுப்பாக இருக்கலாம். வீட்டுக் குடிதண்ணீரைப் பற்றி விசாரித்து ஆங்கிலத்தில் எழுதும் வேலை. அவள் மடியில் இரண்டு தாள்கள்: ஒன்று மச்சாள் எழுதி அனுப்பி அச்சடித்தது, மற்றது அவளே எழுதியது. ஒட்டுக்கேட்பது சரியில்லையென்று, தூங்கும் மகனை அணைத்தபடி யன்னல் பக்கம் திரும்பினேன். ஆனாலும் கேட்டது.

"மச்சாளின்ரை நல்ல இங்கிலீசு. அதைக் குடு," என்றார் தாய், கண்ணைத் திறக்காமல்.

"கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கிறமாம். அந்த உப்புத் தண்ணியை மாடே குடியாது."

"உன்ரையில முழுக்கப் பிழையெண்டு நீதானே சொன்னனீ."

"பிழையை ரீச்சர் திருத்துவா. விசாரிச்ச ஆளின்ரை பேர் இல்லாட்டிப் புள்ளி இல்லை."

"நீ ஆரை விசாரிச்சனீ?"

"உங்களைத்தான். தண்ணி கொண்டு வாற பவுசருக்கு வரிசையில நிண்டது, குடம் தூக்கித் தோள் நொந்தது, எல்லாம் எழுதினனான்."

"இதெல்லாம் ரீச்சருக்கு என்னத்துக்கு, பிள்ளை?"

பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியது. தாய் அச்சடித்த தாளை எடுத்து, நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"பேர் என்னெண்டு போட்டனீ?"

"அம்மா எண்டுதான்."

"அதை வெட்டிப்போட்டு, என்ர முழுப்பேரை எழுது."