ரெமிஜியஸ் போட்ட கையெழுத்து

...முதுகுவலியாம், முதுகுவலி! ஃபேக்டரியில ஸ்பானர் தூக்க முடியாதாம். இஎஸ்ஐ லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்தே பாதிச் சம்பளம் வாங்கிட்டிருந்தான். சாயந்தரமானா பேண்டு செட்டுல பெரிய டிரம்ம வயித்துல கட்டிக்கிட்டுக் கெளம்பிடுவான். கல்யாணமோ சாவோ, ஒண்ணையும் விடறதில்ல. லிங்கராஜபுரம் பூரா நடந்தே அடிப்பான். அப்ப எங்க போச்சு அந்த முதுகு? உக்காரு பாகீரதி. மேல் வீட்டுக்குக் குடி வந்து பத்து நாளாவுது, இந்த எதிர்வீட்டு ரெமிஜியஸப் பத்தி யாரும் உனக்குச் சொல்லலியா?

உன் ப்ளவுஸா? இரும்மா, அதுக்குத்தான் வரேன்.

நானும் இஎஸ்ஐ லீவுதான். இல்லன்னு சொல்லல. கார்மெண்ட்ஸ்ல பன்னெண்டு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு தெச்சு கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு. டாக்டரே எழுதிக் குடுத்தது. வீட்டுல நாலு ப்ளவுஸ் தெக்கிறதெல்லாம்... அது ஒரு வேலையா? கைப்பழக்கம். சும்னே உக்காந்தா வெரலு மரத்துப் போவுது. அவன மாதிரி ஊரக் கூட்டியா அடிக்கிறேன்?

பொறுக்கல எனக்கு. ஆபீசுக்கு ஒரு மொட்டக் கடுதாசி போட்டேன். ஆமா, நான்தான்.

ஆபீசர் வந்தாரு. அன்னைக்குன்னு பார்த்து அவன் நெஜமாவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். வீடு பூட்டு. நேரா என்கிட்ட வந்து விசாரிச்சாரு. நான் வுடுவேனா? உள்ள கூப்ட்டு, காப்பி குடுத்து, அவன் வண்டவாளத்தையெல்லாம் எடுத்து வுட்டேன். வாயி பேசுது, காலு பெடல மிதிக்குது. கிறிஸ்மஸ் நேரம், அவ்ளோ துணி கெடக்கு. அந்த ஆளு மெதுவா, நல்லாத் தெக்கிறீங்களேம்மா, ஒரு நாளைக்கு எத்தன முடியும்னு கேட்டாரு. என் புத்திய எதால அடிக்கிறது... பத்து அடிப்பேன் சார், லைனிங் வச்சதுன்னா ஏழுன்னேன். எந்தக் கம்பெனின்னாரு. அதையும் பெருமையாச் சொன்னேன்.

இப்ப எனக்கு வந்த பாதிச் சம்பளமும் நின்னுபோச்சு, வேலையும் போயிடும்ங்கிறாங்க. புருஷன் இல்லாத வீடும்மா. என் பொண்ணு மௌரீன் காலேஜு அதுலதான் ஓடுது. யூனியன்காரரு சொன்னாரு, இவ நெஜமா சீக்காளிதான்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டா பேசிப் பார்க்கலாமாம். இந்தத் தெருவுல எத்தன கல்யாணத்துக்குத் தெச்சுக் குடுத்திருக்கேன்! ஒருத்தி போடல. இந்த ஜோசஃபின் வாயிக்கு நல்லா வேணும்னு என்னையப் பேசிக்கிறாளுங்களாம்.

போட்டது யாரு தெரியுமா? அவன்தான். என் கடுதாசியால அவனுக்கும் காசு நின்னுபோச்சு, டிரம்மும் மூலையில கெடக்குது. அவனுக்குக் கையெழுத்துக்கு மேல எழுத வராது. அவன் ஃபாரமெல்லாம் நான்தான் நெரப்பிக் குடுப்பேன், என் எழுத்து அவனுக்கு மனப்பாடம். கையெழுத்துப் போட்டு, பேனாவ மூடிக் குடுத்துட்டுச் சொல்றான்:

"ஆபீசுல அந்த லெட்டரக் காட்டுனாங்கக்கா. யாரு எழுத்துன்னு தெரியலன்னுட்டேன்."

த்தூ... மனுஷனா அவன்? நாலு வார்த்த திட்டியிருக்கக் கூடாதா? ரோஷம் கெட்டவன். மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல.

இந்தா பாரு பேப்பரு. கீழ ஒரு எடம் காலியா இருக்கு. பாகீரதின்னு போட்டாப் போதும்... ஏம்மா, துணிய ஏன் எடுக்குற? அடுப்புல குக்கரா? விசிலே கேக்கலியே...

போ, போ. அவன் ஒருத்தன் போட்டதே போதும்னு சொல்லத்தான் ஆசை. ரெண்டு பேரு வேணுமாமே.