எண் நிலைக்காத வீடு

நீங்கள் எழுதுகிற வேகத்துக்கு நான் பேச வேண்டுமா, இல்லை நான் பேசுகிற வேகத்துக்கு நீங்கள் எழுதிவிடுவீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் முப்பத்தொரு வருஷம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். தெளிவாகப் பேசுவேன். இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. நாளெல்லாம் யாராவது உங்களிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் எல்லோரும் வேறு யாரிடமோ பேசுவதற்காகத்தான் உங்களிடம் பேசுவார்கள்.

அக்காவைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். தையல் ஆலையில் மேற்பார்வை பார்த்தவள். அடுக்கி வைத்த சட்டைகளின் மேல் விரலை ஓட்டினாலே இத்தனை உருப்படி என்று சொல்லிவிடுவாள், ஒன்று குறைந்தால் ஆலையே அதிரும். அத்தான் போனபிறகு, மகனும் வெளிநாட்டோடு தங்கிவிட்டபிறகு, நான் அவளோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது, ஆகவில்லை, அவ்வளவுதான். எனக்கு அறுபத்தாறு வயதான பிறகும் அவளுக்கு நான் "சின்னவ"தான்.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்றிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அந்த வால்வு இருக்கிறவர்களுக்கு ரத்தம் உறையக்கூடாது. அதற்கு ஒரு மாத்திரை. கூடிப்போனால் ரத்தம் எங்காவது கசியும், குறைந்துபோனால் கட்டி தட்டி மூளைக்கு ஏறும். அதனால் அடிக்கடி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு எண் வரும். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் நல்லது. அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பத்து வருஷம் அவளே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். பிறகு மறதி நோய் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, பக்கத்தில் இருப்பவர்களை எல்லாம் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒருவர் குறைகிறார், கதவைச் சாத்து என்று சத்தம். டாக்டர் பார்த்தார். இனி வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம் என்றார்.

அப்படித்தான் நர்ஸம்மா வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். முப்பத்தைந்து வயதிருக்கும். அக்காவைப் பெரியம்மா என்பாள், என்னைச் சின்னம்மா என்பாள். அக்காவின் விரல் நுனியில் ஒரு குத்து, கருவியில் ஒரு துளி, எண்ணை நோட்டில் எழுதுவாள், ஏழு அறை டப்பாவில் என்னென்ன போடவேண்டும் என்று எனக்குச் சொல்வாள். எல்லாம் பத்து நிமிஷ வேலை. பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நீங்க எப்படி இருக்கீங்க சின்னம்மா?" என்பாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லோரும் கேட்கிறார்கள். யார் காத்திருக்கிறார்கள்? அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "சித்தி, அம்மா எப்படி இருக்காங்க? பாத்துக்கோங்க சித்தி." அத்தோடு வைத்துவிடுவான்.

ஒருநாள், "உங்களுக்கும் பிரஷர் பார்த்துடலாமா?" என்று என் கையைப் பிடித்தாள். ரவிக்கைக் கையை மெதுவாக மேலே தள்ளினாள். என் கையை ஒருவர் அப்படிப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் மாத்திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கொடுத்தேன். எண் ஒழுங்குக்கு வந்தது. நான்கு வாரம் தொடர்ந்து மூன்றிலேயே நின்றது. நர்ஸம்மா நோட்டை மூடிவிட்டு, "சூப்பர் சின்னம்மா, எல்லாம் உங்க கவனிப்புதான். எண் நிலைச்சிடுச்சு. இனி நான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றாள்.

ஒழுங்காக வேலை செய்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

அடுத்த செவ்வாயும் நான் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து போர்வையின் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. அக்காவே மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்திருந்து துப்பியிருக்கிறாள். தலையணை உறைக்குள் மூன்று கிடந்தன. நர்ஸம்மா வந்து பார்த்தபோது எண் இரண்டுக்கு இறங்கியிருந்தது. அவள் முகம் மாறியது. "அடுத்த வாரம் வர்றேன், அதுக்கடுத்த வாரமும் பார்க்கணும்" என்றாள். துப்பிய விஷயத்தை நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. அவள் கேட்கவில்லை.

பிறகு எண் மறுபடி நிலைக்கிற மாதிரி தெரியும்போதெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள், நான் மாத்திரை கொடுக்காமல் விட்டேன். நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். நான் கணக்குத் தெரிந்தவள். நோட்டை வைத்துக்கொண்டு, எத்தனை விட்டால் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் செய்தேன். ஆபத்துக்குப் போகவிடவில்லை. எண் நிலைக்கக்கூடாது, அவ்வளவே. எண் இறங்கினால் ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கூட்டுவார்கள். கூட்டியதை முழுதாகக் கொடுத்தால் எண் ஏறும், அக்காவின் முழங்கையில் நீலம் பாரிக்கும், உடனே குறைப்பார்கள். எட்டு மாதம் இப்படி ஊஞ்சலாடியது. எட்டு மாதமும் செவ்வாய் தவறாமல் ஸ்கூட்டர் வந்தது.

அக்காவுக்கு மகன் முகம் மறந்துவிட்டது. அத்தான் செத்தது மறந்துவிட்டது. மாத்திரை மட்டும் மறக்கவில்லை. பதின்மூன்று வருஷப் பழக்கம். பல் துலக்கி வந்ததும் கையை நீட்டுவாள். நான் தண்ணீரை மட்டும் கொடுத்தால் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஒண்ணு குறையுது சின்னவளே."

"குடுத்தாச்சுக்கா. நீ மறந்துட்ட."

இரண்டு தடவை சொன்னால் விட்டுவிடுவாள். ஆனால் பார்வை மாறிவிட்டது. நான் எந்த அறைக்குப் போனாலும் அவள் கண் என் பின்னால் வரும். நான் மேசை இழுப்பறையைத் திறந்தால் வாசலில் வந்து நிற்பாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள், இரண்டு தடவை. சொந்த வீட்டில் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தால் யாருக்குத்தான் மனசு சுடாது? எனக்கும் சுட்டது.

அடுத்த செவ்வாய் அக்கா நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவ என் மாத்திரைய எடுத்துடறா. எனக்குக் குடுக்கிறதில்ல." நர்ஸம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்து லேசாகச் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தாள். இந்த நோய்க்காரர்கள் இப்படித்தான் சொல்வார்களாம். பணத்தைக் காணோம், நகையைக் காணோம், பக்கத்து வீட்டுக்காரி விஷம் வைக்கிறாள். அவள்தான் எனக்கு விளக்கினாள். "மனசுல வச்சுக்காதீங்க சின்னம்மா, நோய் பேசுது" என்று என் தோளைத் தட்டினாள். அன்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரிடம் நானேதான் கூட்டிப்போனேன். ஒளிக்க ஏதாவது இருந்தால் கூட்டிப்போவேனா? அவர் எதிரிலும் அக்கா அதையே சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல். வாய் குழறவில்லை, பேச்சுத் தடுமாறவில்லை. டாக்டர் என்னிடம்தான் கேட்டார். எத்தனை நாளாக இப்படிச் சந்தேகம், ராத்திரி தூங்குகிறாரா, உங்களை அடிக்க வருகிறாரா என்று. பிறகு சந்தேகம் தணிவதற்கு என்று ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரையை நான் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. நீங்கள் வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நர்ஸம்மாவின் சிரிப்பு குறைய ஆரம்பித்தது. வந்ததும் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். "எல்லாம் உங்க கையாலதான குடுக்கறீங்க?" என்றாள் ஒருநாள். ஆமாம் என்றேன். பொய் இல்லையே, கொடுத்ததெல்லாம் என் கையால்தான். கீரை அதிகம் போடுகிறீர்களா, அதிலும் எண் இறங்கும், வேறு மருந்து எதுவும் சேர்கிறதா என்று குடைந்தாள். பிறகு டப்பாவை அவளே நிரப்ப ஆரம்பித்தாள். நான் ஊற்றிவைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டும். என் பக்கம் நாற்காலி திரும்பவில்லை. ஒருநாள் என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு அக்காவிடம் தாழ்ந்த குரலில் என்னமோ கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அக்கா பதிலே சொல்லவில்லை. அந்தச் சின்ன மாத்திரை நன்றாக வேலை செய்தது. காலையில் கையை நீட்டுவதையும் அதற்குள் விட்டிருந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை. பயம்தான் இருந்தது. இப்படிக் கோபித்துக்கொண்டு வேறு நர்ஸை அனுப்பிவிடுவாளோ என்று பயம். எண் மோசமானால்தான் இவள் விடமாட்டாள் என்று தோன்றியது. அந்த வாரம் ஐந்து நாள் விட்டேன். அது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அக்கா கட்டிலிலிருந்து எழவில்லை. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கினால் சொத்தென்று விழுந்தது. நான் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். அக்காவுக்கு ஒரு மாதிரி இருக்கிறது, வாங்க என்றேன். வேறொரு வீட்டில் இருக்கிறேன், அரை மணியில் வருகிறேன் என்றாள். வாய் கோணியிருப்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லியிருப்பாள். முகம் தெரியாத இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், அவளுக்கு வரவேண்டிய வேலையே இருந்திருக்காது. நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. அக்காவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், தனியாக விடவில்லை. இடது கையால் என் புடவையைப் பிடித்திருந்தாள்.

நர்ஸம்மா உள்ளே வந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "எப்ப இருந்து இப்படி?" என்றாள். சின்னம்மா என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா ஒன்பது நாள் இருந்தாள், பிறகு போய்விட்டாள். அந்த ஒன்பது நாளில் நர்ஸம்மா எங்கள் வீட்டு மருந்துப் புட்டியைக் கவிழ்த்துக் கொட்டி எண்ணியிருக்கிறாள். விட்ட மாத்திரைகளை நான் குப்பையில் போடவில்லை. மருந்தைக் குப்பையில் போடுகிற குடும்பத்தில் நாங்கள் பிறக்கவில்லை. டப்பாவிலிருந்து எடுத்துத் திரும்பப் புட்டியிலேயே போட்டுவைத்தேன். அதனால் ஒரு மாதத்துக்கு மேலாக மருந்துக் கடைப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் அதைச் சொல்லியிருக்கிறார். தூர எறிந்திருந்தால் உங்கள் போலீஸுக்கு இந்த வேலையே இருந்திருக்காது. சிக்கனமாக இருந்ததற்கு இந்த ஊரில் மரியாதை இல்லை.

ஆக, நான்தான் செய்தேன். எட்டு மாதம் செய்தேன். அக்கா சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. நர்ஸம்மாவிடம் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், போனில் மகனிடமும் சொன்னாள். அறிவு தெளிவாக இருந்த அத்தனை பேரும் என்னை நம்பினார்கள். புத்தி கலங்கியவள் என்று எல்லோரும் சொன்ன ஒருத்திதான் சரியாகக் கண்டுபிடித்தாள். மேற்பார்வையாளர் என்றால் சும்மாவா?

ஒன்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் அவளை வெறுத்தேனா என்று. இல்லை. சின்ன மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

"உன்னப் போய்ச் சந்தேகப்பட்டேனே சின்னவளே. என் புத்தி கெட்டுப்போச்சுடி. நீதான என்னப் பார்த்துக்கற. உன்னப் போய்த் திருடின்னு சொன்னேனே."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணை நான்தான் துடைத்தேன்.

"பரவாயில்லக்கா, உனக்கு உடம்பு சரியில்ல, அதான்" என்றேன். அன்றைக்கே அவளை மன்னித்துவிட்டேன்.