சம்பந்திக்கு வந்த சின்ன மாரடைப்பு

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அடைத்த இதயக் குழாயைத் திறந்து அணையவிருந்த விளக்குகளை ஏற்றித் தந்த மருத்துவர் அம்மையாரே, மாத்திரை நேரம் மறக்காத தாய்மார்களே, மாரடைப்பை மல்லாத்திவிட்டு மார்நிமிர்த்தி அமர்ந்திருக்கும் நம் இதயப் பயிற்சி வகுப்பின் மாவீரர்களே, உங்கள் அனைவருக்கும் லேத்துப் பட்டறைக்காரனின் வணக்கம்.

சென்ற ஆண்டு எனக்கும் மாரடைப்பு. என் சம்பந்திக்கும் மாரடைப்பு. நான் பெண்ணைப் பெற்றவன், அவர் பிள்ளையைப் பெற்றவர். எதிலும் பெரியது அவர்களுக்கே என்று விட்டுக்கொடுத்து வந்த எனக்கு, மாரடைப்பில் மட்டும் பெரியது வாய்த்தது. குழாய் முழுதாக அடைத்து, பட்டறையிலேயே சாய்ந்தேன். அவருக்கோ அரைகுறை அடைப்பு. தம் காலாலேயே மருத்துவமனைக்கு நடந்து போனார். திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தார்.

"உங்களுக்குப் பெருசாமே சம்பந்தி? நமக்கெல்லாம் சின்னதுதான்."

சிரிக்கிறீர்கள். அவரும் அப்படித்தான் சிரித்தார்.

நான் மாத்திரையை விழுங்கினேன், அவர் மறந்தார். நான் வகுப்புக்கு நடந்தேன். அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. அவர் வீட்டு மருமகளாகிய என் மகள் கெஞ்சினாள். "சின்னதுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய பத்தியம்? அதெல்லாம் உங்கப்பாவுக்கு" என்று அவள் வாயை அடைத்தார்.

அச்சகம் நடத்துபவர் அவர். ஒருநாள் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவர், பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா, மாமாவுக்கு மூச்சு வாங்குது, பேச்சே வரல, பயமா இருக்குப்பா" என்று போனில் மகள் அழுதாள். என் நெஞ்சு அன்று பதறியதுபோல், எனக்கே வந்தபோதும் பதறவில்லை.

மறுபடியும் மாரடைப்பு. பிழைத்தார். இதோ இந்த அம்மையார்தான் கட்டிலருகே நின்று கேட்டார்: "சின்னதுன்னு யாருங்க சொன்னா? முழுசா அடைக்கலைன்னுதானே சொன்னோம். முழு அடைப்புன்னா ஆபத்து உடனே. அதைத் தாண்டி, கவனமாவும் இருந்தா தேறிடலாம். உங்க மாதிரி அடைப்புல பல பேருக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட குழாய்ல பழுது இருக்கும். சும்மா விட்டா, வருஷம் போகப் போக இதுதான் ஆளைச் சாய்க்கும்."

சின்னப் பாம்பானாலும் பெரிய தடி கொண்டு அடி என்றார்களே, எதற்குச் சொன்னார்கள்? என் சம்பந்திக்காகவே சொன்னார்கள்.

அவர் படுத்தபடியே என் கையைப் பிடித்தார். "நானும் உங்ககூட வகுப்புக்கு வரலாமா?" சம்பந்தம் பேசிய நாள் முதல் அவர் எனக்கு உத்தரவுதான் போட்டிருக்கிறார், கேட்டது அதுவே முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பானேன்?

வந்தார். நடந்தார். வியர்த்தார். வென்றார். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். என்ன சம்பந்தி, ஏதோ சொல்கிறீர்களே?

"நேரமாச்சு, முடிங்க" என்கிறார். கேட்டீர்களா பெரியோர்களே? அதிகாரம் திரும்பிவிட்டது, ஆள் தேறிவிட்டார். இந்த அதட்டல் இனிமேல் காதில் விழாதோ என்றல்லவா அன்று மருத்துவமனை வாசலில் தவித்தேன்! உங்கள் வீட்டிலும் இப்படி அதட்ட ஓர் ஆள் இருக்க வேண்டுமா? அடைப்பு பெரிதா சிறிதா என்று அளக்காதீர்கள். மாத்திரையை விழுங்கச் சொல்லுங்கள், கைப்பிடித்து வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

சம்பந்தி சொன்னால் மறுபேச்சு ஏது? பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, துடிக்கும் ஒவ்வொரு நெஞ்சுக்கும் வணக்கம், இதோ, உட்கார்ந்துவிட்டேன்.