நின்றால் மூச்சு விடாத இன்ஜின்

"நின்னா இது மூச்சு விடாது அத்தான், ஓடுனாத்தான் விடும்" என்று முன்சீட்டில் குரல் கேட்டதும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன். காரைக்குடியிலிருந்து கீழச்சிவல்பட்டி போகிற பஸ். பேசியவன் இன்ஜினியரிங் மாணவன். மடியில் சாக்குச் சுற்றிய இரும்புக் குழாய். பக்கத்தில் அவன் அக்கா புருஷன். லாரி டயருக்குக் காற்றடிக்கும் கடைக்காரர்.

"போன வருசம் இதே பஸ்ல, சன்னலோரம் வாயைத் தொறந்தேன். காத்து தானா வந்து அடைச்சுச்சு. அப்பத்தான் தோணுச்சு. ராக்கெட்டு ஆக்சிஜனைச் சுமந்துக்கிட்டுப் போக வேணாம், போற வழியில காத்தை முழுங்கிக்கிரலாம். அதைத்தான் காலேஜ் பரீட்சைக்கு இந்தக் குழாயில இன்ஜினாச் செஞ்சேன்."

"அதுக்குப் பரீட்சை வைக்க வந்தவரு என்ன சொன்னாரு?"

"மேசையில வச்சுப் பத்த வைன்னாரு. எதுத்தாப்புல காத்து வேகமா அடிக்கணும் சார்னேன். நின்ன எடத்துல கெளம்பாதது இன்ஜினே இல்லைன்னு சைபர் போட்டுட்டாரு."

"ஏன், அவரு தேரே பாத்ததில்லையா? வடம் பிடிக்காம எந்தத் தேருடா கெளம்புச்சு? அதுக்காக அது தேரே இல்லைன்னு எழுதுவாரா?"

அத்தான் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"கெஞ்சுனதுக்கு, திங்கக்கிழமை இன்னொரு தடவை பாக்குறேன்னாரு. அன்னைக்கும் பத்தலைன்னா எனக்கு வருசமே போச்சு. எதுத்தாப்புல காத்தடிக்க, ஒங்க கடையில இருக்குற மூணு காத்துத் தொட்டியில ஒண்ணு தருவீகளா?"

"ஒண்ணு எம்புட்டு நேரம் தாங்கும்?"

"பத்து விநாடி அத்தான்."

"அப்ப ஒண்ணு எதுக்கு மாப்ள? நாளைக்குக் காலையில மூணையும் ரொப்பி, ஒரே குழாயில மாட்டிப் பாப்போம். திங்கக்கிழமை அவரை மட்டும் நெருப்பு வர்ற பக்கம் நிக்க வேணாம்னு சொல்லிரு."