பாறைமேல் நின்றவன்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள் சார். சம்பந்தி வீட்டிலேயே நான் டீ குடித்ததில்லை. எவன் எதைக் கலந்து வைப்பான் என்று யாருக்குத் தெரியும்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டீர்கள், சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பேச்சில் நயம் இருக்காது.

தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம், காட்டோரம் எங்கள் ஊர். சோளம் பால் பிடித்தால் காட்டுப்பன்றி இறங்கும். ஊர் தடியோடு போய் வளைக்கும். எனக்கு மூட்டு போய்விட்டது, ஓட முடியாது. அதனால் பாறைமேல் நின்று கத்துகிற வேலை. ஆள் உயரச் சோளத்துக்குள் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சோளத்தட்டை எங்கே ஆடுகிறது என்று பார்த்து, "மேக்கால போவுது, உடாதீங்க" என்று நான் கத்தினால் அத்தனை பேரும் அந்தப் பக்கம் பாய்வார்கள். வீட்டில் என் பேச்சுக்கு ஒரு கோழிகூடத் திரும்பாது.

போன மாசம் ஒரு பன்றி விழுந்தது. பங்கு போடும்போது பூவரசன் என் இலையில் வாலை வைத்தான். "கத்துனதுக்கு இது போதும் பெருசு. உனக்குத்தான் பல்லு இல்லியே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பஸ் ஏறிப் போய் பாரஸ்ட்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். பன்றி வாலுக்காக ஊரைக் காட்டிக் கொடுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூவரசனின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போட்டுக் கொடுத்தது யார் என்று ஊர் கொதித்தது. எல்லோரையும்விட நான் அதிகமாகக் கொதித்தேன்.

எங்கள் ஊர்ப் பச்சியப்பன் மட்டும் கொதிக்காமல், பையனை வெளியே எடுக்க டவுனில் பாரஸ்ட் ஆபீசுக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பன்றி இறங்கியது. கொல்ல வேண்டாம், விரட்டினால் போதும் என்று தடியும் தகரமுமாகப் போனோம். டவுனிலிருந்து வந்த பச்சியப்பன் ரோட்டில் இறங்கி, சோளத்துக்குள் குறுக்கே நடந்து, பாறைக்கடியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, பையன உட்டுடுவாங்க. சொன்னது யாருன்னும் தெரிஞ்சுபோச்சுங்க. இருங்க, நம்ம ஆளுங்ககிட்டயும் போயி சொல்லிட்டு வரன்."

சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. அவனுக்குத் தெரிந்தது என் பேர்தானா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தகரச் சத்தத்தில் மற்றவர்களுக்கு அவன் குரல் எட்டவில்லை. திரும்பி நடந்தான். தட்டை ஆடியது.

"மேக்கால போவுது, உடாதீங்க" என்றேன்.

முதல் அடியிலேயே ஆள் என்று தெரிந்துவிட்டது. "டேய் பூவரசா, நான்டா" என்றான் பச்சியப்பன். தடிகள் நின்றன. பூவரசன் அவனைத் தூக்கக் குனிந்தான்.

"அவன்தான்டா போட்டுக் குடுத்தவன். இப்பத்தான் எங்கிட்ட ஒத்துக்கிட்டான்" என்றேன்.

பிறகு எதையும் சோளம் மறைக்கவில்லை. எல்லாம் மிதிபட்டுப் படுத்துவிட்டது. பிள்ளையைக்கூட அதட்டத் தெரியாத மாரியப்பனும் அடித்தான். பச்சியப்பன் கத்துவதை நிறுத்திய பிறகும் அடித்தான்.

இப்போது உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்து அழுகிறார்கள். எப்படி அடித்தோம் என்றே தெரியவில்லை என்கிறார்கள். அது பொய் இல்லை சார். கூட்டம் சேர்ந்தால் மனிதனுக்குப் பன்றிப் புத்தி வந்துவிடுகிறது.

நான் பாறையைவிட்டு இறங்கவில்லை. யாரையும் தொடவில்லை. அன்றைக்கு அத்தனை பேரில் நிதானம் தவறாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.